நேற்று உங்கள் பூனை எத்தனை முறை சிறுநீர் கழித்தது?

என் கிளினிக்குக்குப் பூனையைக் கொண்டு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பூனை எந்த உணவை விரும்பிச் சாப்பிடும், எந்த நாற்காலியில் தூங்கும், ஃபிரிட்ஜைத் திறந்தால் எந்த அறையிலிருந்து ஓடி வரும் என்பதையெல்லாம் மளமளவென்று சொல்பவர்கள், இந்தக் கேள்விக்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "போயிருக்கும் டாக்டர், தினமும் போகுமே" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

பெண் பூனை என்றால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆண் பூனை என்றால் அப்படிப் போக முடியாது. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால், பிழைக்கவைக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான். காய்ச்சல், இருமல் போல "இரண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடக்கூடிய நோய் இல்லை இது.

இந்த விஷயத்தை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்துவந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும். அதன்பிறகு முதன்முறையாகப் பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களை அதிகமாகப் பார்க்கிறேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் பல வருடம் சோறு வைத்துப் பழகிய பூனையை, சன்னலுக்கு வலை அடித்து மேலே கூட்டி வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். நல்ல மாற்றம். கீழே திரிந்த பூனை எங்கே, எப்போது சிறுநீர் கழித்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் வந்துவிட்ட பூனையின் அந்தக் கணக்கை நாம் பார்க்க முடியும். பார்க்கவும் வேண்டும்.

ஏன் ஆண் பூனைக்கு?

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் குழாய், பெண் பூனைக்குக் குட்டையாகவும் சற்று அகலமாகவும் இருக்கும். ஆண் பூனைக்கு அது நீளம். நுனியை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகும். கடைசிப் பகுதியில் அதன் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த இடத்தில் மணல் பருக்கை அளவு பொருள் சிக்கினாலே வழி மூடிவிடும்.

சிக்குவது எப்போதும் கல்லாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவர் அழற்சியால் புண்படும்போது, சளி போன்ற பொருளும் செல்களும் அதிலிருந்து உதிர்கின்றன. அவற்றோடு சிறுநீரில் மிதக்கும் நுண்ணிய படிகங்கள் சேர்ந்தால், பற்பசை போலக் குழைவான ஒரு தக்கை உருவாகிவிடும். பல ஆண் பூனைகளுக்கு அடைத்துக்கொள்வது இந்தத் தக்கைதான். சில பூனைகளுக்குக் கல்லும் இருக்காது, தக்கையும் இருக்காது. வலியினால் குழாயின் தசை இறுகி, உட்புறம் வீங்கி, வழி தானாக மூடிக்கொள்ளும்.

"சின்ன வயதிலேயே கருத்தடை செய்ததால்தான் குழாய் சுருங்கிவிட்டதா?" என்று பலர் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். குழாயின் அளவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கருத்தடைக்குப் பிறகு பூனைக்குப் பசி கூடும், ஓட்டம் குறையும், எடை ஏறும். கவனிக்க வேண்டியது அந்த எடையைத்தான்.

மலச்சிக்கல் என்று நினைத்த வீடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் இளம் தம்பதி ஒன்று தங்கள் நான்கு வயது ஆண் பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தது. சனிக்கிழமை மாலையிலிருந்தே பூனை லிட்டர் பாக்ஸில், அதாவது மணல் தட்டில், ஏறி ஏறி உட்கார்ந்திருக்கிறது. முக்கியிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து, கைப்பேசியில் தேடிப் பார்த்து, கொஞ்சம் எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுத்திருக்கிறது. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்திருக்கிறார்கள். அன்றிரவு அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முக்குவதையும் நிறுத்திவிட்டது. "சரியாகிவிட்டது என்று நினைத்தோம் டாக்டர்" என்றார் கணவர்.

நான் வயிற்றைத் தொட்டபோது சிறுநீர்ப்பை ஓர் ஆரஞ்சுப் பழம் போலக் கல்லாக இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. பூனையின் இதயம் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் துடிக்க வேண்டும். கிளினிக்கில் பயந்துபோயிருந்தால் 200க்கும் மேல் போகும். இதற்கு 80கூட இல்லை. எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம். மதியத்துக்குள் இறந்துவிட்டது.

அந்தத் தம்பதி அக்கறையில்லாதவர்கள் அல்லர். அவர்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். பார்த்தது என்ன என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதே ஆண்டில் இன்னொரு வீடு. வால் நுனி மடங்கியிருந்ததால் முறுக்கு என்று பெயர் வைத்திருந்த பூனை. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, பாட்டி மட்டும் பகலில் வீட்டில் இருப்பார். காலை பத்து மணிக்கெல்லாம் பேரனை வேலையிலிருந்து வரவழைத்து டாக்சியில் வந்து இறங்கிவிட்டார்.

"விடியக்காலையிலேர்ந்து ஆறு தடவ தட்டுல ஏறிட்டான் டாக்டர். ஒரு சொட்டு இல்ல. கத்துறான். இவன் என்னடான்னா வயித்துல கோளாறா இருக்கும், சாயங்காலம் பாப்போங்கிறான். மூணு பிள்ளைங்கள வளத்தவ நான். துணி காஞ்சே கெடந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

முறுக்குக்கும் முழு அடைப்புதான். ஆனால் சில மணி நேரத்தில் வந்துவிட்டதால், இரத்தப் பரிசோதனை ஏறக்குறையச் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். இரண்டு பூனைக்கும் நோய் ஒன்றுதான். ஒரு வீட்டில் தட்டு காய்ந்திருப்பதை ஒருவர் கவனித்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவற்றைக் கண்டால் கிளம்ப வேண்டும்?

கீழ்க்காணும் அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் பகலில் இருப்பவர்களுக்கும், வீட்டுப் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் சொல்லிவையுங்கள்.

• மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது. நீண்ட நேரம் குந்தியிருந்தும் ஒன்றும் வராதது, அல்லது ஓரிரு சொட்டு மட்டும் வருவது.

• குந்தும்போது கத்துவது, முனகுவது.

• பிறப்புறுப்பை விடாமல் நக்கிக்கொண்டே இருப்பது.

• தட்டை விட்டுக் குளியலறைத் தரை, பேசின், துணிக்கூடை என்று வேறு இடங்களில் குந்திப் பார்ப்பது. சிறுநீரில் இரத்தம் தெரிவது.

• வாந்தி, சாப்பிட மறுப்பது, ஒளிந்துகொள்வது, துவண்டு கிடப்பது. இவை வந்துவிட்டால் ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

முதுகை வளைத்து முக்குவது மலத்துக்கா, சிறுநீருக்கா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். எனக்கும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். ஆகவே வீட்டில் விதி ஒன்றுதான்: ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வந்ததாகத் தெரியவில்லை என்றால், அது அடைப்பு. அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அது அடைப்புத்தான். இரவு என்றாலும் காலைவரை காத்திருக்காதீர்கள்.

முழுதாக அடைத்துக்கொண்டால், உடல் வெளியேற்ற வேண்டிய கழிவு ஒரு நாளுக்குள் இரத்தத்தில் தேங்கிவிடும். முக்கியமாகப் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏற ஏற இதயத் துடிப்பு குறையும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாள்களில் உயிர் போய்விடும். கட்டிலுக்கடியில் அமைதியாகப் படுத்திருந்த அந்தப் பூனைக்கு நேர்ந்தது இதுதான்.

செய்யக் கூடாதவை மூன்று. ஒன்று, வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். உப்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். இரண்டு, வாய்வழியாகத் தண்ணீரையோ எண்ணெயையோ ஊற்றாதீர்கள். மூன்று, வலி குறையட்டும் என்று பனடால் கொடுக்காதீர்கள். பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நமக்குத் தரும் மற்ற வலிமாத்திரைகளும் அப்படியே.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

முதலில் இதயத்தைப் பார்ப்போம். பொட்டாசியம் அதிகம் என்றால் இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசியும், நரம்பு வழியாகத் திரவமும் போகும். பிறகு மயக்கம் கொடுத்து, மெல்லிய டியூபை நுழைத்து, கிருமியற்ற உப்புநீரைப் பீய்ச்சித் தக்கையைத் தளர்த்துவோம். வழி திறந்ததும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் வரை டியூபை உள்ளேயே விட்டுவைப்போம். அடைப்பு நீங்கியதும் சில பூனைகளுக்குச் சிறுநீர் வெள்ளமாகக் கொட்டும்; வெளியேறும் அளவுக்கு ஈடாகத் திரவம் ஏற்ற வேண்டும். அதனால்தான் "டியூப் போட்டாயிற்றே, வீட்டுக்குக் கொண்டு போகிறோம்" என்று கேட்கும்போது தலையசைக்கத் தயங்குகிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அடுத்த சில நாள்கள், சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும். திரும்ப அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். மூன்றாவது, நான்காவது தடவை அடைத்துக்கொள்ளும் பூனைகளுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. குறுகலான நுனிப் பகுதியை அகற்றிவிட்டு, அகலமான பகுதியையே புதிய வாயாக வைத்துத் தைப்போம். அடைப்பு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியை அது குணப்படுத்தாது. கிருமித்தொற்றும் சற்று எளிதாக வரும்.

காரணம் வீட்டுக்குள் இருக்கலாம்

"கிருமிக்கு மருந்து கொடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்கள் பலர். மனிதர்களுக்குச் சிறுநீர் எரிச்சல் என்றால் கிருமித்தொற்றுதான் முதலில் நினைவுக்கு வரும். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பூனைகளுக்கு அது அரிது. அந்த வயதுப் பூனைகளுக்குச் சிறுநீர்க் கோளாறு வந்தால், பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. காரணம் அறியப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்றுதான் குறித்துக்கொள்வோம்.

அடைப்பு இல்லாத இந்த அழற்சி, மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதனால் அந்த வாரத்தில் எதைக் கொடுத்தோமோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. போன தடவை ஆன்டிபயாட்டிக்கில் குணமானது, கிரான்பெரி மாத்திரையில் குணமானது என்று சொல்வதெல்லாம் இப்படித்தான். சில மாதம் கழித்து மீண்டும் வரும்போது அதே மருந்தை நம்பிக் காத்திருப்பார்கள். அப்போது அடைப்பு இருந்தால், காத்திருந்த நேரமே ஆபத்தாகிவிடும்.

இந்த அழற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி பஃபிங்டன். 2011இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். அழற்சி உள்ள 20 பூனைகளையும், ஆரோக்கியமான 12 பூனைகளையும் 77 வாரம் கவனித்தார்கள். நல்ல இடம், ஏறி விளையாட வசதி, ஒரே நேரத்தில் உணவு, பழகிய பராமரிப்பாளர் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தபோது நோயுற்ற பூனைகளும் நன்றாகவே இருந்தன. பராமரிப்பாளர் மாறினார், உணவு நேரம் தவறியது என்று வழக்கம் குலைந்த வாரங்களில் வாந்தி, சாப்பாட்டில் நாட்டமின்மை, தட்டுக்கு வெளியே கழிப்பது எல்லாம் கூடின. ஆரோக்கியமான பூனைகளுக்கும் கூடின.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்து பாருங்கள். மேல்மாடியில் வீடு புதுப்பிக்கிறார்கள்; காலை ஒன்பது மணியிலிருந்து துளையிடும் சத்தம். தீபாவளிக்கு உறவினர்கள் வருகிறார்கள். பூனையை ஓர் அறையில் போட்டுப் பூட்டுகிறோம். புதுக் குழந்தை வருகிறது. இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம் என்றதும் இன்னொன்றை ஒரே நாளில் கொண்டு வந்து இறக்குகிறோம். நமக்கு இவை சாதாரணம். சுவருக்குள்ளேயே உலகத்தை வைத்திருக்கும் பூனைக்கு அப்படியில்லை. பண்டிகைக் காலத்துக்குப் பிந்திய வாரங்களில் இப்படிப்பட்ட பூனைகளை நான் அதிகம் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஆனால் பூனை ஒதுங்க ஓர் இடம், ஏறி உட்கார ஓர் உயரமான அலமாரித் தட்டு, மாறாத சாப்பாட்டு நேரம், தினமும் பத்து நிமிட விளையாட்டு ஆகியவற்றைக் கொடுக்கலாம். புதுப் பூனையை முதலில் தனி அறையில் வைத்து, வாசனை பழகிய பிறகு மெல்ல அறிமுகப்படுத்தலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

தண்ணீர்க் கணக்கு

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. இரையின் உடம்பில் உள்ள நீரே அதற்குப் பெருமளவு போதுமானதாக இருந்தது. அந்த வழக்கம் நம் பூனைக்கும் இருக்கிறது. அதற்குத் தாகம் குறைவு. சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். அடர்ந்த சிறுநீரில் படிகங்கள் எளிதில் சேரும்.

நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீர் வேண்டும். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் நீர். 60 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 6 மில்லிலிட்டர். மீதி முழுவதையும் பூனை குடிக்க வேண்டும், பெரும்பாலும் குடிக்காது. டின் உணவிலும் பௌச் உணவிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். 85 கிராம் பௌச் இரண்டு சாப்பிட்டால் 130 மில்லிலிட்டருக்கு மேல் கேட்காமலேயே உள்ளே போய்விடும். முழுவதும் மாற்ற வசதிப்படாவிட்டால் ஒரு வேளையாவது ஈர உணவு கொடுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கலந்துவிடலாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். உலர் உணவுக்கே பழகிய பூனையைச் சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். பட்டினி போட்டு மாற்றாதீர்கள்; குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் கெட்டுவிடும்.

கல் உள்ள பூனைக்குத் தனிக் கணக்கு. ஸ்ட்ரூவைட் வகைக் கல் மருத்துவ உணவில் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் கல் எந்த உணவிலும் கரையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும். என்ன கல் என்று தெரியாமல் கடையில் பொட்டலத்தின் மேல் உள்ள விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

தட்டு எங்கே இருக்கிறது?

நம் அடுக்குமாடி வீடுகளில் மணல் தட்டுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். பூனை உள்ளே குந்தியிருக்கும்போது இயந்திரம் சுழன்று அதிர்ந்தால், ஒரே தடவையில் அது அந்த இடத்தை வெறுத்துவிடும். சில வீடுகளில் தட்டு பாம் ஷெல்ட்டருக்குள் இருக்கும். யாராவது கதவைச் சாத்திவிட்டால் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும். அமைதியான, எப்போதும் திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது. இரண்டு பூனை வீட்டில் மூன்று தட்டுக்கு இடமில்லை என்றால், இரண்டையாவது வெவ்வேறு இடத்தில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான்.

நனைந்தால் கட்டியாகும் மணல் வகையைப் பயன்படுத்தினால் கணக்கு வைப்பது சுலபம். ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு கட்டி வரை விடும். அள்ளும்போது எண்ணுங்கள், அளவையும் பாருங்கள். எலுமிச்சை அளவில் இருந்தவை சுண்டைக்காய் அளவில் பத்தாகச் சிதறிக் கிடந்தால் அழற்சி. ஒன்றுமே இல்லை என்றால் உடனே பூனையைத் தேடுங்கள். மரத்தூள் உருண்டைகளில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஏற்கெனவே ஒருமுறை கோளாறு வந்த பூனைக்கு மணலை மாற்றிக்கொள்வது நல்லது. அள்ளுவது வீட்டில் ஒருவரின் தினசரி வேலையாக இருக்கட்டும். பிள்ளைகள் செய்தால் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், கைகழுவவும் சொல்லுங்கள்.

பணம் பற்றி

பலர் கேட்கத் தயங்குவதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சை மலிவானது இல்லை. இரவு நேர அவசரம், மயக்கம், இரத்தப் பரிசோதனை, சில நாள் உள்நோயாளி என்று சேரும்போது ஆயிரம் வெள்ளியை எளிதாகத் தாண்டிவிடும். "ஒரு பூனைக்கா இவ்வளவு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளைகள் என் எதிரே உட்கார்ந்து, பேங்க் கணக்கைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பணமில்லாததால் கிளினிக்குக்கே வராமல் இருந்துவிடாதீர்கள். வந்து, கையில் இருப்பது இவ்வளவுதான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த வரம்புக்குள் எது முடியும், எது முடியாது என்று நாங்கள் சொல்வோம். சீக்கிரம் வந்த பூனைக்குச் செலவும் குறைவு. தாமதமாக வந்ததற்குத்தான் பில் ஏறும். எதுவுமே முடியாத நிலையில், வலியில்லாமல் கண்மூட வைப்பதும் ஒரு வழிதான். அடைத்த சிறுநீர்ப்பையோடு வீட்டு மூலையில் சாக விடுவது மிகக் கொடிய வேதனை. இந்த முடிவை எடுத்தவர்களை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. மாதம் முப்பது, நாற்பது வெள்ளி இதற்கென்று ஒதுக்கி வைப்பது, பூனையை வீட்டுக்குக் கொண்டு வரும் நாளிலேயே தொடங்கினால் நல்லது. பூனைக்குக் காப்புறுதி எடுப்பதாக இருந்தால் நோய் வருவதற்கு முன் எடுங்கள். ஏற்கெனவே வந்த நோய்க்குப் பொதுவாக அது பொருந்தாது.

இன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அருகில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று பார்த்து, எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில், கத்தும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தேடுவது எளிதல்ல. எண்ணை ஒட்டிய கையோடு போய் மணல் தட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம் பூனையின் பற்களைப் பற்றிப் பேசலாம்.